பெக்வித் பள்ளம்

ஒட்டிலி பெக்வித் என்ற ஓவியரை நான் 1971-ஆம் ஆண்டில் சாகடித்தேன். அந்தக் காரியத்தைச் செய்தது 2009 ஏப்ரலில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாண்ட்விச் தின்றுகொண்டே. அந்த அம்மா அப்போது எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், காட்டன்வுட் முதியோர் இல்லத்தில், உயிரோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

அரிசோனாவில் எங்கள் ஊரான ஃபிளாக்ஸ்டாஃபில், கோள்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் எனக்கு அப்போது இருபத்து மூன்று வருட வேலை. என் பெயர் வெர்ன் ஹாஸ்கெல். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். விண்கலம் எங்காவது போய்ப் படம் பிடித்து அனுப்பும். அதில் தெரிகிற பள்ளங்களுக்குப் பெயர் வேண்டும். பெயர் இல்லாத பள்ளத்தைப் பற்றி விஞ்ஞானிகளால் சண்டை போட முடியாது, ஆகவே பெயர் கேட்டு எங்களைப் பிடுங்கி எடுப்பார்கள். நான் பெயரைத் தேடிப் பிடித்து, ஆதாரத்தோடு பட்டியல் போட்டு, பல நாட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பெயர்க்குழுவுக்கு அனுப்புவேன். அவர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

புதன் கிரகத்துப் பள்ளங்கள் கலைஞர்களுக்கு. ஓவியர், எழுத்தாளர், பாட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி, ஐம்பது வருஷமாவது பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். செத்து மூன்று வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களை நம்ப முடியாது, நாளைக்கு என்ன செய்து தொலைப்பார்களோ என்பதுதான் இந்த விதிக்குக் காரணம் என்று நான் எப்போதும் சொல்லிச் சிரிப்பேன். இப்போது சொல்வதில்லை.

அந்த வருஷம் புதனிலிருந்து படங்கள் வந்து குவிந்தன. என் பட்டியலைப் பார்த்தால் தாடி தாடியாக ஆண்கள். எனக்கே சலித்துப்போனது. நம் அரிசோனாவில் ஒரு பெண் ஓவியர் கூடவா கிடைக்க மாட்டார் என்று தேடினேன். ஒரு பழைய ஓவியர் அகராதியில் 'பெக்வித், ஹார்லன் – ஒட்டிலி' என்று கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே பத்தி கிடைத்தது. ஹார்லன் பிறப்பு 1904, ஒட்டிலி பிறப்பு 1911, கடைசி வரியில் '1971-இல் மறைவு'. யாருடைய மறைவு என்று அதில் இல்லை.

எங்களுக்கு இரண்டு புத்தகங்களில் ஆதாரம் வேண்டும். இரண்டாவது புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது: ஒட்டிலி பெக்வித், 1911–1971. சரி என்று குறித்துக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டாவது புத்தகம் முதல் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று எனக்குத் தெரியும். முதல் புத்தகத்தில் அவர்கள் ஊர் ஆற்றின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். இரண்டாவதிலும் அதே தப்பு. பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு ஆதாரம் என்று எழுதினேன். மாநிலத்தின் இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் திங்கட்கிழமை பதில் வந்திருக்கும். எனக்கு அன்றைக்கே பட்டியலை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை மேரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போக வேண்டியிருந்தது. மீனும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஓட்டெடுப்பு முடிந்து மே மாதம் பெயர் ஏறியது. பள்ளத்துக்கு வைப்பது குடும்பப் பெயர் மட்டும்தான்: பெக்வித். அது யார் என்பது பதிவில் ஒரு வரியாக இருக்கும்: 'ஒட்டிலி, அமெரிக்க ஓவியர், 1911–1971'. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருவன் 'புதனில் அரிசோனாப் பெண்' என்று நாலு வரி போட்டான். போட்டவன் ஆண்டுகளைப் போடவில்லை. அதை மட்டும் போட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இரண்டு வாரம் கழித்துக் காட்டன்வுட்டிலிருந்து ஒரு ஃபோன். பேசியவள் ட்ரினி சாண்டோவல். அந்த இல்லத்தில் பாட்டு, சீட்டாட்டம், பிறந்தநாள் எல்லாம் ஏற்பாடு செய்பவள்.

"மிஸ்டர் ஹாஸ்கெல்ங்களா? உங்களுக்குக் கோடிப் புண்ணியம். மிஸ் ஒட்டிலி ஒரு வாரமா தரையில நடக்கல. அந்தப் பேப்பரை வெட்டி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கோம். ஜூன் ஆறாம் தேதி அவங்களுக்குத் தொண்ணூத்தெட்டு வயசு. நீங்க ஒரு நடை வந்து அந்தக் குழியோட ஃபோட்டோவைக் குடுத்தீங்கன்னா..."

"யாருக்கு?" என்றேன்.

"மிஸ் ஒட்டிலிக்குத்தான். ஒட்டிலி பெக்வித்."

கையிலிருந்த காபி டம்ளரை மேஜையில் வைத்தது மட்டும் நினைவிருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? 'மன்னிக்கணும், அவங்க இருக்கக் கூடாது' என்றா?

ஆறாம் தேதி படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். ஒட்டிலி சக்கர நாற்காலியில் நீல ஸ்வெட்டர் போட்டு, ஒல்லியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது குழியா, கொப்புளமா?" என்றார்.

"குழிதாங்க. எண்பது கிலோமீட்டர் அகலம்."

"அப்போ தலைகீழாக் குடுத்திருக்கே. வெளிச்சம் கீழேர்ந்து வருது பாரு. இப்படி மாட்டினா எவன் பார்த்தாலும் மேடுன்னுதான் சொல்லுவான்." படத்தைத் திருப்பிப் பிடித்தார். "இப்போ பாரு. இறங்கிப் போச்சு."

உண்மையில் இறங்கித்தான் போனது. இருபத்து மூன்று வருஷம் இதே வேலையைப் பார்க்கிற நான் அதைக் கவனிக்காமல் அச்சடித்திருக்கிறேன்.

"நல்ல குழிதான். விளிம்பு சுத்தமா இருக்கு," என்றார். ஸ்வெட்டர் பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்தார். நோட்டீஸ் போர்டில் ஒன்று, தன்னிடம் ஒன்று. "இங்க பாரு, 'ஒட்டிலி பெக்வித், ஓவியர்'னு போட்டிருக்கான். ஹார்லன் பேரே இல்ல."

"ஹார்லன்..."

"என் புருஷன். எழுபத்தொண்ணுல போய்ச் சேர்ந்தான். ரெண்டு பேரும் வரைவோம், ரெண்டு பேரும் 'பெக்வித்'னு மட்டும் கையெழுத்துப் போடுவோம். அது அவன் யோசனை. கையெழுத்து ஒண்ணா இருந்தா விலை ஒண்ணா இருக்கும்னான். மியூசியத்துல எல்லாத்துக்கும் கீழ ஹார்லன் பேரை அடிச்சு வெச்சுட்டாங்க. ஒரு தபால் ஆபீஸ் சுவர் முழுக்க நான் வரைஞ்சேன். ஏழு மாசம். அவன் ஏணியைப் பிடிச்சுக்கிட்டிருந்தான், அதுவும் குடிக்காத நாள்ல. பித்தளைத் தகட்டுல யார் பேரு தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது.

"பெக்வித்னு யாராவது கூப்பிட்டா, நான் திரும்பின உடனே என் தோளுக்குப் பின்னாடி அவனைத் தேடுவாங்க. எழுபது வருஷமா அப்படித்தான். நீதான் முதல்ல என்னைப் பாத்துச் சொல்லியிருக்கே. உன்னை யாருன்னே எனக்குத் தெரியாது."

"படம் வரையறதை ஏன் விட்டீங்க?" என்று கேட்டேன். விஷயத்தைச் சொல்லாமல் நேரம் கடத்தினேன்.

"யாரு விட்டா? ஜெரோம் ஊர்ல முப்பது வருஷம் கடைக்கெல்லாம் போர்டு எழுதினேன். எழுத்துன்னா எழுத்து, அப்படி இருக்கும். எல்லார் பேரையும் எழுதினேன்."

கேக் வெட்டினார்கள். பாடினார்கள். நான் உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம், பிறந்தநாள், பாவம், என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்காகத்தான் தள்ளிப்போட்டேன் என்று நம்பவும் செய்தேன்.

திங்கட்கிழமை காலையில் மேலாளர் மார்னி டில்லின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மார்னி என்னைவிடப் பத்து வயது சின்னவள். நல்லவள், ஆனால் எந்தச் சங்கடத்தையும் அரை மணியில் முடித்துவிட வேண்டும் அவளுக்கு.

"உயிரோட இருக்காங்களா?" என்றாள்.

"கேக் சாப்பிட்டாங்க. ரெண்டு துண்டு."

"வெர்ன், ரெண்டு ஆதாரம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு... ரெண்டாவது, முதலாவதைப் பாத்து எழுதினது. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அந்தக் கடைசி வாக்கியத்தை நீ சொல்லல, நான் கேக்கல. சரி. குழுவுக்கு எழுதினா பேரை ரத்து பண்ணுவாங்க. அதோட நிக்காது. நீ கொண்டுவந்த முப்பத்தொரு பேரையும் தோண்டுவாங்க. புதன் ஆளுங்க அந்தப் பேரைப் போட்டு ஏற்கெனவே ஒரு கட்டுரை அனுப்பியாச்சு. அவங்க கத்துவாங்க." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "புருஷன் செத்தது உறுதியா?"

"எழுபத்தொண்ணுல. அது உறுதி."

"அவரும் ஓவியர்?"

"மியூசியத்துல எல்லாம் அவர் பேர்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? பள்ளத்தோட பேரு பெக்வித். அது அப்படியே இருக்கும். யாருங்கற ஒரு வரியை மட்டும் மாத்து. விவரத்துல கைப்பிழை இருந்தா நாமளே திருத்தலாம், ஓட்டு வேண்டாம். அந்தம்மாவும் பெக்வித்தானே? பேரே போறதுக்கு இது எவ்வளவோ மேல்."

ஹார்லனைப் பற்றி ஒட்டிலி எப்படிப் பேசினார் என்று மார்னியிடம் நான் சொல்லியிருக்கலாம். தபால் ஆபீஸ் சுவரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் யோசித்திருப்பாள். நான் 'சரி' என்றேன், ஏனென்றால் முப்பத்தொரு பெயர்களையும் தோண்டுவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த முப்பத்தொன்றில் இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன என்று எனக்குத்தான் தெரியும்.

மாற்ற மூன்று நிமிடம் ஆனது. 'ஹார்லன், அமெரிக்க ஓவியர், 1904–1971'. அடித்து முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இது தற்காலிகம். அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்றெட்டு. இன்னும் எத்தனை நாள்? அவர் போய் மூன்று வருஷம் ஆனதும் மறுபடி ஒரு திருத்தம் போட்டு ஒட்டிலி என்று மாற்றிவிடலாம். அப்போது எல்லாம் நேராகிவிடும். எவ்வளவு நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த யோசனை நடக்க வேண்டுமானால் ஒருவர் சாக வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காட்டன்வுட் போக ஆரம்பித்தேன். எலுமிச்சை கேக் வாங்கிக்கொண்டு போவேன். குற்ற உணர்ச்சியால்தான் போனேன். ஆனால் அது மட்டும் இல்லை. போனவுடன் அவருடைய மூச்சைக் கவனிப்பேன். கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். போன மாதத்தைவிட இளைத்திருக்கிறாரா என்று மனசுக்குள் எடை போடுவேன். அவர் என்னைப் பார்த்து, "வந்துட்டியா? உக்காரு. இன்னிக்கும் அந்தப் பச்சைச் சட்டைதானா? ஒண்ணே ஒண்ணுதான் வெச்சிருக்கியா?" என்பார். எனக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். பத்து நிமிடத்தில் அது மறந்துபோய் அவர் பேச்சில் விழுந்து சிரித்துக்கொண்டிருப்பேன். அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது. அதுதான் இதில் மோசமான விஷயம்.

அடுத்த பிப்ரவரியில் அவருக்கு நிமோனியா வந்தது. தினமும் ட்ரினிக்கு ஃபோன் செய்தேன். "பெத்த பிள்ளைகூட இப்படி விசாரிக்காது மிஸ்டர் ஹாஸ்கெல்," என்று அவள் தழுதழுத்தாள். நான் சமையலறையில் மாட்டியிருந்த நாள்காட்டி முன் நின்றுகொண்டுதான் அந்த ஃபோனைப் பேசினேன். 2010 பிப்ரவரி, கூட்டல் மூன்று, 2013 பிப்ரவரி. என் ஓய்வுக்கு முன்னால் வந்துவிடும். கணக்கு அதுவாகவே மனசில் ஓடியது. நான் ஓட்டவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

பன்னிரண்டாம் நாள் ட்ரினி கூப்பிட்டாள். "எந்திரிச்சு உக்காந்துட்டாங்க! முட்டை கேட்டாங்க!"

"அப்பாடா," என்றேன். ஃபோனை வைத்த பிறகு எனக்கு வந்தது ஏமாற்றம். ஒரு நொடிதான். சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் வருமே, அந்த மாதிரிச் சின்ன ஏமாற்றம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன்.

2011 ஜூன் ஆறாம் தேதி அவருக்கு நூறு வயது. கூடத்தில் பலூன், காகிதத் தொப்பி, இருபது இருபத்தைந்து முதியவர்கள். நான் கேக்கோடு முன் வரிசையில் இருந்தேன். ட்ரினி எனக்குக்கூடச் சொல்லாமல் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். அவளுடைய லேப்டாப்பைப் பெரிய டிவியில் இணைத்து, "இப்போ எல்லாரும் மிஸ் ஒட்டிலியோட குழியை நேராப் பாக்கப் போறோம், அரசாங்கப் பதிவுலயே!" என்று அறிவித்தாள். எனக்கு எழுந்து போய் வயரைப் பிடுங்கிவிட வேண்டும் போல இருந்தது. கேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் பள்ளத்தின் படம் வந்தது. பக்கத்தில் பெரிய எழுத்தில் 'பெக்வித்' என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை அந்த அறையில் யாரும் படிக்கவில்லை. முப்பது வருஷம் போர்டு எழுதியவர் மட்டும் படித்தார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். இரண்டாவது தடவையும் படித்தார்.

அவர் மெழுகுவத்தியை ஊதினார். ட்ரினி கொடுத்த துண்டைத் தின்றார், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "என்னைக் கொஞ்சம் வெளியில தள்ளிக்கிட்டுப் போ. உள்ள ஒரே புழுக்கம்," என்றார்.

கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"முதல்ல என் பேரு இருந்துச்சா? இல்ல அந்தப் பேப்பர்காரன் புளுகினானா?"

"இருந்துச்சு. ஒரு மாசம் இருந்துச்சு. அப்புறம் நான்தான் மாத்திட்டேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விதி, இரண்டு புத்தகம், மேரி ஏரி, மார்னி, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"நான் சாகலைங்கறதுதான் தப்பா? இவ்வளவுதானா? அதை அன்னிக்கே ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமேப்பா."

"பேரே போயிடுமேன்னுதான்..."

"போகட்டுமே! வெறும் குழியாக் கிடக்கட்டும். கோடி வருஷமா பேரில்லாமத்தானே கிடந்துச்சு? ஒரு மாசம் என் பேரு இருந்துச்சு, அப்புறம் நான் சாகாததால எடுத்துட்டாங்க. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருப்பேன். நீ அதைக் கொண்டுபோய் அந்தாள் கையில குடுத்துட்டியே." சிரிப்பு போய்விட்டது. "அவனே உயிரோட இருந்தப்போ இவ்வளவு சுளுவா எடுத்ததில்ல."

"திரும்ப மாத்திடுவேங்க. உங்க பேருக்கே மாத்திடறதுன்னு முதல் நாள்லேர்ந்தே மனசுல வெச்சிருக்கேன்."

"எப்போ?"

நான் குனிந்து நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன்.

"கேக்கறேன்ல. எப்போ மாத்துவே?"

"நீங்க... போய் மூணு வருஷம் கழிச்சு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பச்சைச் சட்டையைப் பார்த்தார். "அதுக்குத்தான் மாசா மாசம் வந்து பாத்துட்டுப் போறியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு பாதிப் பொய்தான். பாதி உண்மையும் அதில் இருந்தது. எனக்குச் சொல்ல வரவில்லை. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"நாளைக்குப் போய் உள்ளது உள்ளபடி எழுதிப் போடு," என்றார். "பேரையே எடுத்துடச் சொல்லு. இப்போ என்னை உள்ள தள்ளு."

எழுதினேன். குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம். உள்ளது உள்ளபடி என்றுதான் ஆரம்பித்தேன். 'தெரிந்தே ஒரே ஆதாரத்தை இரண்டாகக் காட்டினேன்' என்று ஒரு வாக்கியம் எழுதி, அதைப் படித்துப் பார்த்து, அழித்துவிட்டு, 'ஆதாரங்களில் சிறு குழப்பம் நேர்ந்தது' என்று போட்டேன். 'ஒட்டிலியின் படைப்புகளுக்கும் ஹார்லனின் பெயரே இடப்பட்டு வந்தது' என்று எழுதி, நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று பயந்து அதையும் அழித்தேன். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. கடிதத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்: மனைவிக்கு என்று வைத்த பெயர் கணவருக்குப் போய்விட்டது, மனைவி அதை விரும்பவில்லை, ஆகவே பெயரை நீக்க வேண்டுகிறேன்.

மார்னி அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "எதை வெச்சு எடுக்கச் சொல்றே, வெர்ன்? இப்போ இருக்கற பதிவுல என்ன தப்பு? ஆள் ஓவியர். செத்தாச்சு. அம்பது வருஷமாப் பேரு தெரியும். பதிவு சுத்தமா இருக்கு."

"ஆனா அது அவங்களுக்குன்னு வெச்சது."

"குழு அதைப் பாக்காது. ரெண்டு வருஷத்துல அந்தப் பேரு மூணு கட்டுரையில வந்தாச்சு."

"சரி, அவங்க காலத்துக்கு அப்புறம் அந்த வரியை மாத்தலாம்ல? ஓட்டு வேண்டாம்னு நீதானே சொன்னே?"

"தப்பைத் திருத்தறதுக்கு ஓட்டு வேண்டாம். சரியா இருக்கறதை எப்படித் திருத்துவே? வேற பள்ளத்துக்கும் வைக்க முடியாது. ஒரு கிரகத்துல ஒரு பேரு ஒரு தடவைதான். புதன்ல பெக்வித்ங்கற பேரு முடிஞ்சது." அவள் குரல் இறங்கியது. "நான் அப்போ யோசிக்காமச் சொல்லிட்டேன். நீயும் ஒண்ணும் சொல்லலையேப்பா."

கடிதத்தை அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. நாலே வரி. பதிவில் பிழை ஏதும் காணப்படவில்லை, பெயர் நீடிக்கிறது, தங்கள் அக்கறைக்கு நன்றி.

ஜூலை இரண்டாவது ஞாயிறு, கேக் இல்லாமல் போனேன். கூடத்தில் ஜன்னலோரம் துண்டு துண்டாக இருக்கும் படம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மூன்று பக்க விளிம்பு முடிந்திருந்தது. பதிலைக் கொடுத்தேன். படித்தார்.

"நீ எழுதினதைக் காட்டு," என்றார்.

அதன் நகலும் என்னிடம் இருந்தது. காட்ட வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"'சிறு குழப்பம்'னு போட்டிருக்கியே, யாருக்குக் குழப்பம்?"

நான் நகலைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்; அவர் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு மரத்தடியில எவ்வளவு தெளிவாச் சொன்னே! ஏரியில மீன் கிடைக்காதது வரைக்கும் சொன்னே. அதையெல்லாம் இதுல காணோமே. அந்தத் தபால் ஆபீஸ் சுவர் எங்கப்பா?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்," என்றேன். இரண்டு வருஷத்தில் அவர் கேட்காமலே நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

இரண்டு தாள்களையும் மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். கோபப்படுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் ட்ரினியைக் கூப்பிட்டார். ட்ரினி ஓடி வந்தாள்.

"ட்ரினி, இவரு ஹார்லனைத் தேடிக்கிட்டு வந்திருக்காரு," என்றார் மரியாதையாக. "அவரு செத்து நாப்பது வருஷம் ஆச்சு, இங்க இல்லைன்னு சொல்லி, வாசல் வரைக்கும் கொண்டு விட்டுட்டு வா."

ட்ரினி சிரித்தாள், இது அவர்களுக்குள் ஏதோ விளையாட்டு என்று நினைத்து. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஒட்டிலி பெக்வித் குனிந்து அடுத்த துண்டைத் தேட ஆரம்பித்தார். நான் எழுந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு நான் காட்டன்வுட் போகவில்லை. இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஓய்வும் பெற்றுவிட்டேன். அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ட்ரினியின் நம்பர் இன்னும் ஃபோனில் இருக்கிறது. ஒரு தடவை கூப்பிட்டால் தெரிந்துவிடும். கூப்பிடுவதில்லை, ஏனென்றால் இரண்டில் எந்தப் பதில் வந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று என்னை நானே கேட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.